ஆடு காகமான கதை: ஒரு பாண் வண்டி விளையாட்டுக்குச் சத்தம் செய்தது

அக்காவின் மகன் ஓ லெவல் சோதனை முடிந்த விடுமுறையில் ஒரு விளையாட்டு எழுதினான். கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் சூன் பாண் வண்டி, அதாவது மெட்டு ஒலித்தபடி பாண் விற்கும் முச்சக்கர வண்டி, ஓட்ட வேண்டும். பல்கனியிலிருந்து ஆட்கள் கூப்பிடுவார்கள். நிறுத்திப் பாணோ மாலு பாணோ (மீன் வைத்த பணிஸ்) கொடுத்தால் காசு. இடையில் குழிகள், நாய்கள், கண்ணாடிப் பெட்டியைத் திறந்த உடனே பாய்ந்து வரும் காகங்கள். படங்கள் எல்லாம் 16க்கு 16 புள்ளிச் சதுரங்களில் அவனே வரைந்தவை. பார்க்க நன்றாகவே இருந்தது. சத்தம்தான் ஒன்றும் இல்லை.

"சித்தி, நீங்கள்தானே கீபோர்ட் வாசிக்கிறனீங்கள். சத்தம் எல்லாம் நீங்கள் போடுங்கோ."

கீபோர்ட் வாசிப்பதற்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று தெரிய எனக்கு ஒரு வாரம் எடுத்தது. அதற்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது.

நான் எடுத்த கருவி எஸ்எஃப்எக்ஸ்ஆர், விளையாட்டுகளுக்குச் சின்னச் சின்னச் சத்தங்கள் செய்யும் மென்பொருள். டோமஸ் பெட்டர்ஸன் என்பவர் 2007 டிசம்பரில் எழுதியது. 48 மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டை எழுதி முடிக்கும் லுடும் டேர் என்ற போட்டி இருக்கிறது. அதில் சேர்பவர்களுக்குச் சத்தம் செய்ய நேரம் இருக்காது என்று அவர்களுக்காகச் செய்து கொடுத்தார். பிறகு அதை வைத்துப் பலர் பல பதிப்புகள் எழுதினார்கள். உலாவியிலேயே ஓடும் ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் அவற்றில் ஒன்று. நான் அதில்தான் வேலை செய்தேன், ஏனென்றால் அதில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் பக்கத்தில் செக்கனிலும், செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று சொல்லும் ஹேர்ட்ஸிலும் அளவு தெரியும். மூலக் கருவியில் வெறும் கோடுகள்தான்.

இடது பக்கத்தில் பொத்தான்கள்: காசு, சுடுதல், வெடி, சக்தி, அடி, பாய்ச்சல், பிளிப். ஒன்றை அழுத்தினால் அந்த வகையில் ஏதோ ஒரு சத்தம் வரும், மறுபடி அழுத்தினால் வேறொன்று. முதல் நாள் மாலை தேத்தண்ணி ஆறும்வரை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டுப் பிடித்த பதினொன்றைச் சேமித்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று பெருமை வேறு.

விளையாட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாமே வேறு யாருடைய விளையாட்டிலிருந்தோ கழன்று விழுந்தவை போல இருந்தன. பாண் விற்ற காசுக்கு விண்வெளிக் கப்பல் கிளம்பியது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நானே எல்லாவற்றையும் அழித்தேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பெயர் தெரியாத ஒரு கேம் பெட்டி இருந்தது, புறக்கோட்டையில் அப்பா வாங்கியது. ஜப்பானில் 1983இல் வந்த நிண்டெண்டோவின் ஃபாமிகொம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் என்பது வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டியின் ஒலிப்பகுதியில் ஐந்து வாய்க்கால்கள்தான், அதாவது ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகள்தான். சதுர வடிவ ஒலி அலைக்கு இரண்டு, முக்கோண வடிவ அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த துண்டுகளை ஒலிக்க ஒன்று. பாட்டும் அதற்குள், விளையாட்டின் சத்தங்களும் அதற்குள். ஒரு காசை எடுத்தால் அந்தச் சத்தத்துக்குப் பாட்டிடமிருந்து ஒரு வாய்க்காலைப் பிடுங்க வேண்டும், முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீட்டி முழக்கினால் பாட்டில் ஓட்டை தெரியும். அதனால்தான் அந்தக் காலத்துச் சத்தங்கள் அவ்வளவு குறுகியவை. அழகுக்காக யாரும் குறுக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை, நாற்பது சத்தத்தை ஒன்றாக ஒலித்தாலும் போன் தாங்கும். என் பதினொரு சத்தமும் ஏன் சொதப்பின என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாம் ஒரு செக்கனுக்குப் பக்கத்தில் இருந்தன.

சரி, காசிலிருந்து தொடங்கினேன்.

காசுச் சத்தம் என்பது இரண்டு சுரம், அவ்வளவுதான். சதுர அலை. 988 ஹேர்ட்ஸில் தொடங்கி, 73 மில்லி செக்கன் கழித்து 1.33 மடங்கு மேலே தாவும். சங்கீதக் கணக்கில் ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்தியமத்துக்குத் தாவுகிற தூரம். முதலில் பஞ்சமத்துக்கு, அதாவது 1.5 மடங்குக்குத் தாவ வைத்தேன். அது வாசல் மணி மாதிரி இருந்தது; காசு கிடைத்த மாதிரி இல்லை, யாரோ வந்து நிற்கிற மாதிரி. கீழ்நோக்கி இறக்கிப் பார்த்தால் காசைத் தொலைத்த சத்தம். மேலே தாவ வேண்டும், ஆனால் நிறைவாகப் போய் உட்காரக்கூடாது போலிருக்கிறது. மத்தியமத்தில் அந்தக் குறுகுறுப்பு இருக்கிறது.

தாவலைவிட நேரம்தான் பாடு படுத்தியது. இந்தக் கருவியில் நேர ஸ்லைடர்கள் நேர்கோட்டில் போவதில்லை, உள்ளே எண்ணை வர்க்கம் எடுக்கிறது. 0.3இல் வைத்தால் 0.2 செக்கன். இரண்டு மடங்காக 0.6க்குக் கொண்டுபோனால் 0.4 என்றுதானே நினைப்போம்? 0.8 செக்கன் வரும். கொஞ்சம்தானே நகர்த்தினேன் என்று விட்ட இடங்களில் எல்லாம் சத்தம் நீண்டதற்குக் காரணம் இதுதான். கடைசியில் நிலைத்த அளவு: முழுச் சத்தத்தில் 0.08 செக்கன், அடங்க 0.25 செக்கன். தொடக்கத்தில் ஓர் அழுத்தம் கொடுக்க பஞ்ச் என்ற ஸ்லைடரைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்தேன். அது சத்தத்தின் முதல் பகுதியை மட்டும் தூக்கிவிட்டு வழமையான உயரத்துக்கு இறக்கும். அதில்லாமல் காசு பஞ்சு மேல் விழுந்த மாதிரி இருக்கிறது.

அனுப்பினேன். "சித்தி, இதுதான்" என்று ஒரு சொல் வந்தது. அப்புறம் அவனே ஒன்று சேர்த்தான்: தொடர்ந்து காசு எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அரைச் சுரம், அதாவது 1.0595 மடங்கு, சுருதி ஏறும். ஆறு படி வரை ஏறி அங்கேயே நிற்கும். நல்ல யோசனை. நான் யோசித்ததாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

இனிக் காகம்.

கருவியில் காகத்துக்குப் பொத்தான் கிடையாது. வாள்பல் அலையை எடுத்தேன், சதுர அலையைவிட அதில் கரகரப்பு அதிகம். 560 ஹேர்ட்ஸில் தொடங்கிக் கொஞ்சமாகக் கீழே சறுக்க விட்டேன். கா என்று கத்தும்போது குரல் உடைகிறதே, அதற்காக விப்ராட்டோவை, அதாவது சுருதியை மேலும் கீழும் ஆட்டுவதை, ஆழமாகப் போட்டேன். ஆட்டும் வேகம் செக்கனுக்கு 11 தடவை. கேட்கும்போது எனக்குத் திருப்தி.

அவன் கேட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆடு ஏன் பாண் எடுக்குது?"

மறுபடி போட்டுக் கேட்டேன். அச்சு அசல் ஆடு. மே என்று தொண்டை நடுங்குகிற அதே நடுக்கம். அன்றிரவு முழுக்க ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். சுருதியைக் கூட்டினால் ஆட்டுக்குட்டி, குறைத்தால் கிடாய். ஆனால் ஆடுதான்.

மறுநாள் காலை சோறு வைக்கும்போது சமையலறை ஜன்னலுக்கு வரும் காகத்தை ஒழுங்காகக் கவனித்தேன். இத்தனை வருடமாகத் தினமும் கேட்கிற குரல், கவனித்தது அன்றுதான். அதில் நடுக்கமே இல்லை. இருப்பது கரகரப்பு. இரண்டும் வேறு என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. யோசித்தால் இரண்டும் ஒரே காரியம்தான், வேகம்தான் வித்தியாசம். செக்கனுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஆடினால் காது ஒவ்வோர் ஆட்டத்தையும் தனியாக எண்ணுகிறது, அது நடுக்கம். இருபது, முப்பதைத் தாண்டினால் எண்ண முடியாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கரகரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. விப்ராட்டோ வேகத்தை 11இலிருந்து 45 ஹேர்ட்ஸுக்கு ஏற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. ஆடு போய்விட்டது.

காகம் முழுதாக இன்னும் வரவில்லை. ஜன்னலில் பார்த்த இன்னொன்று: கத்தல் சட்டென்று தொடங்குவதில்லை, அலகைத் திறக்கிற ஒரு சின்ன நேரம் இருக்கிறது. தொடக்கத்துக்கு 30 மில்லி செக்கன் கொடுத்தேன். மொத்த நீளத்தை 0.2 செக்கனாக வெட்டினேன். விளையாட்டில் அதை இரண்டு தடவை ஒலிக்க வைத்தோம், இரண்டாவதைச் சற்றே தாழ்த்தி. கா, கா. இப்போது சரி.

சேமிக்கப் போகிறேன், கரண்ட் போனது. மடிக்கணினியின் பற்றரி செத்து இரண்டு வருடம், வயரைச் செருகித்தான் ஓடும். போச்சு. ஒலிக்கோப்பும் இல்லை, ஸ்லைடர்களின் அளவும் இல்லை. 45 என்ற எண் நினைவிருந்ததால் தப்பினேன், மற்றவை எல்லாம் மறுபடி காதால் தேடியவை. அன்றிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் வேவ் என்ற ஒலிக்கோப்போடு ஸ்லைடர் அமைப்புகளையும் எழுத்தாக எடுத்து ஒரே கோப்புறையில் வைக்கிறேன். கருவியிலேயே அதற்கு வசதி உண்டு. வேவ் மட்டும் இருந்தால் "கொஞ்சம் குறுக்கித் தாங்கோ" என்று அவன் கேட்கும்போது முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எஞ்சின் சத்தம் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிறையப் பிழை விட்டதும் அதில்தான்.

கணக்கு இப்படி. ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போது நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று எடுத்தால் செக்கனுக்கு 20 சுற்று, 10 வெடிப்பு. அதாவது 100 மில்லி செக்கனுக்கு ஒரு 'டுக்'. அப்படியானால் ஒரே ஒரு டுக் செய்தால் போதும், அதைச் சுழல விடலாம். 55 ஹேர்ட்ஸ் சைன் அலையில், கீழே சரியும் 50 மில்லி செக்கன் டுக் ஒன்று செய்தேன். மீதி 50 மில்லி செக்கனுக்கு வெறுமையை ஓடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் சேர்த்தேன். கணினி ஒலியை அளந்து வைக்கும் புள்ளிகளுக்கு மாதிரி என்று பெயர்; செக்கனுக்கு 44,100 மாதிரி என்றால் 100 மில்லி செக்கனுக்குச் சரியாக 4,410 மாதிரிகள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தாளம் நகரும் என்று எண்ணி எண்ணி வெட்டினேன். உண்மையில் ஒரு மாதிரி கூடினால் யாருக்கும் தெரியாது, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முடிவு வெறுமையில் இருப்பதால் சுழலும் இடத்தில் 'டிக்' என்ற வெட்டுச் சத்தமும் வராது.

ஹெட்போனில் அருமை. நெஞ்சுக்குள் அடித்தது. போனில் போட்டால் ஒன்றுமே இல்லை. வண்டி காற்றில் மிதக்கிறது.

போன் ஸ்பீக்கர் நகம் அளவு. 55 ஹேர்ட்ஸை அது எங்கே அசைப்பது? சைன் அலையில் அந்த ஒரு அதிர்வெண் மட்டும்தான் இருக்கிறது, அது போனால் எல்லாம் போச்சு. சதுர அலை அப்படியில்லை. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று ஒற்றை எண் மடங்குகளும் கூடவே வரும். 110 ஹேர்ட்ஸ் சதுர அலைக்கு மாற்றினேன். 110 போனில் கேட்காது, ஆனால் 330, 550, 770 கேட்கும். அவை எல்லாம் 110இன் மடங்குகள் என்பதை வைத்து மூளையே அடியில் ஒரு தடித்த சத்தம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஹெட்போனில் முன்னதைவிட மோசம்தான். யார் இந்த விளையாட்டை ஹெட்போன் போட்டு விளையாடப் போகிறார்கள்?

அடுத்த குறை: "தையல் மெஷின் மாதிரி இருக்கு." அவன் சொன்னது சரி. ஒவ்வொரு டுக்கும் மற்றதன் அச்சு. சுழலை இரண்டு மடங்காக்கி 8,820 மாதிரிக்கு நீட்டி, இரண்டாவது டுக்கின் சுருதியைப் பத்து வீதம் குறைத்து, சத்தத்தையும் கொஞ்சம் தாழ்த்தினேன். டுக்-டக், டுக்-டக். ஒழுங்கையின் மூலையில் நிற்கும் முச்சக்கர வண்டியின் நொண்டல் வந்துவிட்டது.

அவன் விளையாட்டு எழுதியது கொடோ என்ற மென்பொருளில். அதில் பிட்ச் ஸ்கேல் என்று ஓர் எண் உண்டு. அதை ஏற்றினால் சத்தம் வேகமாகவும் ஓடும், சுருதியும் ஏறும். பாட்டுக்கு இது தொல்லை. எஞ்சினுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வேகம் கூடும்போது நிஜ எஞ்சினில் நடப்பதும் அதுதானே. 1இலிருந்து 2.2 வரை வண்டியின் வேகத்தோடு கட்டிவிட்டான், வேலை முடிந்தது.

பாண் வண்டியின் ராகத்தையும் அதே எண்ணால்தான் செய்தோம். இங்கே சூன் பாண் வண்டி என்றால் பீத்தோவனின் ஃபூர் எலீஸ்தான், கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு அது பாண் வாசனையோடு சேர்ந்தது. பீத்தோவன் யார் என்று தெரிவதற்கு முன்பே பசிக்கும். எஸ்எஃப்எக்ஸ்ஆரில் மெட்டு எழுத முடியாது. 659 ஹேர்ட்ஸில் ஒரே ஒரு பிளிப், அதாவது ஒரு குட்டிச் சத்தம், செய்து கொடுத்தேன், அதை இந்த எண்களில் ஒலிக்கச் சொன்னேன்: 1, 0.944, 1, 0.944, 1, 0.749, 0.891, 0.794, 0.667. அந்தத் தொடக்க வரி முழுவதும் இந்த ஒன்பது எண்ணுக்குள் இருக்கிறது. சதுர அலையின் அகலத்தை, அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் அது மேலே நிற்கும் பங்கை, 50 வீதத்திலிருந்து 12.5 வீதத்துக்குக் குறைத்ததும் மூக்கால் பாடுகிற அந்த வண்டி ஸ்பீக்கரின் குரல் வந்தது.

வண்டி கடந்து போகும்போது சுருதி இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எதிரே வரும் இன்னொரு பாண் வண்டியும் விளையாட்டில் உண்டு. கணக்குப் போட்டேன். மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 5.6 மீற்றர், ஒலியின் வேகம் சுமார் 343. வரும்போது 1.6 வீதம் கூட, போகும்போது அவ்வளவு குறைய. மொத்தம் அரைச் சுரத்தில் பாதியைவிடச் சற்று அதிகம். அப்படியே போட்டோம், யாருக்கும் புரியவில்லை. தூரத்தில் இருக்கும்போது மேல் அதிர்வெண்களை வெட்டிச் சத்தத்தையும் குறைத்தோம், எல்லோருக்கும் புரிந்தது.

மெனு பிளிப், குழியில் விழும் சத்தம், நாய் குரைப்பு எல்லாம் ஒரே பின்னேரத்தில் முடிந்தவை. அப்படித்தான் நினைத்தேன்.

பரீட்சைக்கு நான் தேர்ந்த இடம் 100ஆம் இலக்க பஸ். வேலை முடிந்து கோட்டையிலிருந்து வெள்ளவத்தை வரை, ஜன்னல் பக்கம், காலி வீதியின் ஹோர்ன் சத்தங்கள், தலைக்கு மேலே ட்ரைவரின் பாட்டு. போனை மடியில் வைத்து விளையாடினேன். காசு தெளிவாகக் கேட்டது. காகமும் கேட்டது, பக்கத்திலிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். குழியில் விழுந்தது மட்டும் கேட்கவேயில்லை. எஞ்சின் விழுங்கிவிட்டது. இரண்டும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருந்தால் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதுதான் வெல்லும். வீட்டுக்கு வந்து எஞ்சினைக் காசைவிட 12 டெசிபல் கீழே, அதாவது அலை உயரத்தில் கால்வாசிக்கு, இறக்கினேன். குழிக்குத் தாழ்ந்த சதுர அலையை விட்டுவிட்டு இரைச்சலை எடுத்தேன். மேலே தொடங்கி 0.15 செக்கனில் சரிந்து அடங்கும், தட்டுகள் அடுக்கிய பெட்டி குலுங்குகிற மாதிரி. குழியின் சத்தத்தை விட்டுப் பாணின் சத்தத்தைச் செய்ததும் அது தானாக வெளியே வந்தது.

மழைதான் இன்னும் பாக்கி. இரைச்சல் அலையை நீட்டினால் மழை என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஐந்து நாள் முயன்றேன், வந்தது எல்லாம் பழைய டிவியில் சேனல் இல்லாத சத்தம். கடைசியில் அதைக் கைவிட்டோம். இப்போது விளையாட்டில் மழை வந்தால் சத்தம் ஒன்றும் சேர்வதில்லை. எஞ்சினும் ராகமும் கொஞ்சம் மங்கும், காகங்கள் கத்துவதை நிறுத்தும்.